பல்லுக்காரர் காத்திருக்கும் சத்தம்

உள்ளறையிலிருந்து இரண்டு சத்தம் கேட்கும்வரை பல்லுக்காரர் மெஷினைப் போடுவதில்லை. 'டக்' என்று ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதற்குள் நான் எதையாவது கேட்டால் விரலை உயர்த்தி அடக்கிவிடுவார். என் பல்செட் மூன்றாம் முறையாக உடைந்து அவர் மேசையில் கிடக்கிறது. வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். வீட்டு முன்னறைதான் பட்டறை. நக இடுக்கில் எப்போதும் ரோஸ் நிற மெழுகு. கண்ணாடி அத்தனை தடிமன். கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. தெருவில் யாரைப் பார்த்தாலும் முகத்தை விட்டுவிட்டு வாயைத்தான் பார்ப்பார். "கீழ்ப்பல்லு லூசாயிருச்சு போலிருக்கே, வாங்க" என்பார், வணக்கத்துக்குப் பதிலாக.

அந்தச் சத்தம் அவர் மனைவி கீழ்ப்பல்செட் மாட்டிக்கொள்ளும் சத்தம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், வீட்டிலும் டீச்சர்தான். டீச்சருக்குக் கீழ்த்தாடையில் இடப்பக்கம் மிஞ்சியது ஒரே ஒரு சொந்த வேர். வலப்பக்கம் எலும்பில் பதித்த திருகு. இரண்டின் தலையிலும் ஒரு குமிழ். செட்டை அழுத்தினால் அடியிலுள்ள நைலான் வாஷர்கள் பிரஸ் பட்டன்போல ஒவ்வொரு 'டக்'காக அவற்றைக் கவ்விக்கொள்ளும்.

பல் போன நாளிலேயே டீச்சர் ஒரு நிபந்தனை போட்டாராம்: "ஊர் வாயெல்லாம் பாருங்க. பல்லில்லாத என் வாய மட்டும் நீங்க பாக்கக் கூடாது." இவர் பார்த்ததில்லை. அச்சு எடுத்தது டாக்டர். இவர் தொட்டது பிளாஸ்டர் தாடையை. அது துணி சுற்றி அலமாரியில் இருக்கிறது. அதன் மேடுபள்ளம் இவர் விரலுக்கு மனப்பாடம்.

போன வருஷம் டீச்சருக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. இடது கையிலும் பிடி குறைந்துகொண்டே வருகிறது. இவர் வாஷரை மாற்றி மாற்றிப் பார்த்தார்: கெட்டியானது, நடுத்தரம், மெத்தென்றது. அதைவிட லேசாக அழுத்தி மாட்டும் வாஷர் கிடையாது. காந்தம் வைத்தார். சுலபமாக ஒட்டியது, பேசினால் நழுவியது. "நான் பேசாம இருக்கணும்னா நேராச் சொல்லிருங்க" என்றாராம் டீச்சர். மறுபடி வாஷரே வந்தது. இன்னும் திருகுகள் இறக்கி, செட் உட்கார மேலே கம்பி வைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் அந்தச் சொந்த வேரைப் பிடுங்க வேண்டும். "முப்பத்திரண்டுல மிஞ்சினது அது ஒண்ணு. அதாவது இருக்கட்டும்" என்றுவிட்டாராம் டீச்சர்.

செட் மாட்டாமல் டீச்சர் உள்ளறை வாசல் திரைக்கு வெளியே வருவதில்லை. சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. போன வாரம் அப்படி இரண்டு நாள். "நான் மாட்டி விடறேன்னா ஒத்துக்க மாட்டேங்கறா சார்" என்றார், நக இடுக்கு மெழுகைச் சுரண்டிக்கொண்டே.

இன்று ஒரு 'டக்' கேட்டது. இரண்டாவது வரவில்லை. அவர் தலை குனிந்து காத்திருந்தார். செட் கழன்று கிண்ணத்தில் விழும் ஓசை. எடுக்கும் ஓசை, மறுபடி விழும் ஓசை. பிறகு, பல்லில்லாத குழறலில், "ஏங்க... கொஞ்சம் வாங்க."

எழுந்து திரைவரை போனவர் நின்றார். திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"சார், இந்தக் கண்ணாடிய நீங்க வச்சிருங்க" என்றார், உள்ளே கேட்கும்படி உரக்க. சுவரைத் தடவிக்கொண்டே திரையை விலக்கினார்.