ஜும்மாவுக்குப் போகாதவர்

கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில், யார் எப்போது வேலைக்கு வருவது என்று திட்டம் போடுவது என் வேலை. வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் வைத்தபோது, அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு கசிந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதுதான் சொல்ல வேண்டும். அதனால் ஏடாகூடமாக என்னென்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முகத்தில் துண்டு கட்டியிருந்தால்? கரண்ட் போனால்? "வாயத் தொறந்தாலே அபசகுனம்தானா?" என்று ஆபீசில் கேலி செய்தார்கள். செய்யட்டும், எனக்கென்ன.

வெள்ளிக்கிழமை மதியம்தான் சிக்கல். ஜும்மா தொழுகைக்காகக் கம்பெனியையே கொஞ்ச நேரம் மூடுவோம். தொழப் போகிறவர்களும் சாப்பிடப் போகிறவர்களும் ஒன்றாக வாசலில் முண்ட, மெஷின் திணறியது. அந்த நேரத்தில் எல்லோரும் வெளியே போய்விட்டதாக அதுவே பதிந்துகொள்ளட்டும் என்றார் முதலாளி.

"யாராவது போகாம உள்ளயே இருந்துட்டாங்கன்னா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "என்னம்மா கேக்குறீங்க? நம்ம புள்ளைங்க ஜும்மாவ விடுவாங்களா?"

அவருடைய மார்க்க விஷயத்தில் நான் மூக்கை நுழைப்பதுபோல் ஆகிவிட்டது. அதற்குமேல் என்ன பேசுவது? எரிச்சலோடு எழுந்து வந்து, அவர் சொன்னபடியே மெஷினை மாற்றி வைத்தேன்.

மழைக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எல்லோரும் போன பிறகு, நானும் காவலாளியும் மட்டும் வாசலில் இருந்தபோது, கம்ப்ரசர் அறையிலிருந்து அமோனியா நெடி கிளம்பியது. மெஷினைப் பார்த்தேன். உள்ளே யாருமில்லை என்றது. "நல்லவேளைங்க, ஆளுங்க இல்ல" என்றபடி காவலாளி அறைக் கதவை இழுத்து மூடப் போனார். அப்போதுதான் அந்த அறைப் படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸ் போடாமல் யாரும் அந்த அறைக்குள் போவதில்லை. அங்கே செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். "உள்ள ஆள் இருக்காங்க!" என்று கத்தினேன்.

காவலாளி ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி, கம்ப்ரசர் ஓட்டுகிறவரை இழுத்து வந்தார். அவருக்குக் காய்ச்சலாம். முதலாளிக்குத் தெரிந்தால் சங்கடம் என்று யாரிடமும் சொல்லாமல் மூலையில் படுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவர் கண்களைக் கட்டியிருந்தார்கள். பார்வை தேறும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. முதலாளியின் குரல் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க மொதலாளி. இன்னக்கி ஜும்மாவுக்குப் போவல."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"நோயாளிக்கு ஜும்மா கடமையே இல்ல வாப்பா."

மார்க்கம் அவருக்கு இடம் விட்டிருந்தது. நாங்கள்தான் விடவில்லை.