வாலில் வைத்த சந்தனம்

பத்து வயதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எது நடந்தாலும் அது எதனால் நடந்தது என்று சொல்லியே தீரவேண்டும். பால் பொங்கி வழிந்தால், அடுப்பை அணைப்பதற்கு முன்பே அது யார் தப்பு என்று சொல்லிவிடுவேன். வகுப்பில் டீச்சர் கணக்கைத் தப்பாகப் போட்டால் எழுந்து நின்றுவிடுவேன். ‘எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்’ என்று அண்ணன் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தான். அது கேலி என்பதுகூடத் தெரியாமல் பெருமையாகத் திரிந்தேன்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. அப்பாவுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும், லோடு அடிக்க ஒரு குட்டியானை வண்டியும் இருந்தன. அம்மா முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். அண்ணன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன்.

ஒரு லீவுக்கு அவன் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே தீக்குச்சி கனம்கூட இல்லாத பால்சா மரக் குச்சிகள், வெங்காயத் தோல் போல மெல்லிய காகிதம், பசை, ஒரு நோட்டு. அந்தக் காலத்தில் ஃபிளையிங் கிளப்புகளில் ஓட்டிப் பழகிய ‘புஷ்பக்’ என்ற குட்டி விமானத்தை அப்படியே சிறிதாக்கிச் செய்யப்போகிறானாம். ரப்பரை முறுக்கிவிட்டால் முன்னால் உள்ள விசிறி சுற்றும், தானாகப் பறக்கும் என்றான். நிஜ விமானத்துக்கும் இறக்கையில் துணிதான் போர்த்தியிருப்பார்கள் என்று அவன் சொன்னதை அம்மா நம்பவில்லை. “ஆளு ஏறுற வண்டிக்குத் துணியா? போடா, யார்கிட்ட கத விடுற” என்று சொல்லிவிட்டுக் காஜா எடுப்பதைத் தொடர்ந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் நோட்டில் அவன் வரைந்திருந்த விமானப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு தையல் எங்கே வரும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. கல்யாணம் செய்கிற வயதில் குச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று முனகினார். ஆனாலும் அந்த லீவிலேயே அவனுக்குப் புது பைக் வாங்கிக் கொடுத்தார். அப்பாவின் பிரியம் எப்போதும் இப்படித்தான், வாயில் ஒன்று வரும், கையில் வேறொன்று வரும்.

பைக் வாங்கி இருபது நாள்தான் இருக்கும். பங்குனி மாதம். உத்தமபாளையம் ரோட்டு வளைவில் சிந்திக் கிடந்த மணலில் பைக் சறுக்கி அண்ணன் போய்விட்டான். எதிரே வண்டி இல்லை, குறுக்கே ஆடுமாடு இல்லை, யாரையும் குறை சொல்ல வழியில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் சட்டைப் பையில் பால்சாத் துணுக்கு ஒன்று ஒடியாமல் இருந்தது. அதை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாதியில் நின்ற விமானத்தைக் கண்ணில் படாமல் போட்டுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அம்மா அதை ஒரு பழைய சேலையில் சுற்றி பீரோ மேல் வைத்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் கரண்டு போய் மிஷின் நின்றபோது, அதை இறக்கித் தரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, அந்த நோட்டுல என்ன எழுதிருக்கான்னு வாசி” என்றாள்.

இங்கிலீஷும் தமிழும் கலந்த நோட்டு அது. நான் வாசிப்பேன், அம்மா செய்வாள். எடைதான் அதில் முக்கியம். ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை கிராம் என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். பக்கத்து வீட்டில் ஏலக்காய் வியாபாரம். அவர்களுடைய சின்னத் தராசை வாங்கி வந்து, ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையும் ஒட்டிய பிறகு ஒரு தடவையும் நிறுப்போம். பசை ஒரு சொட்டு கூடினால் அம்மா பிளேடால் சுரண்டி எடுத்துவிடுவாள். வாழ்நாள் முழுக்கப் பிறர் உடம்பை அளந்தவள் அல்லவா, அவளுக்குக் கண் தப்பவே தப்பாது. இறக்கைக்குக் காகிதம் ஒட்டி, தண்ணீர் தெளித்து, அது காய்ந்து கஞ்சி போட்ட ரவிக்கைத் துணி மாதிரி விறைத்து நின்றபோதுதான், அவன் போன பிறகு முதல் தடவையாக அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

வலது இறக்கைக்குக் குச்சி பற்றாமல் போயிற்று. மறுநாள் மிஷின் மேல் ஓர் இலவ மரக் கட்டை கிடந்தது, தூக்கினால் பஞ்சு போல இருந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு அப்பா சோற்றிலிருந்து தலையை எடுக்காமல், “போடிக்கு லோடு போனேன். அங்கன கெடந்துச்சு” என்றார். அதற்குமேல் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. நாங்கள் விமானத்தோடு உட்கார்ந்தால் அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

முதல் வருஷத் திதி அன்று அதைப் பறக்கவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அவன் ஆரம்பித்தது ஒன்றாவது முடிய வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாம் போக அறுப்பு முடிந்து வயல்கள் காலியாக இருந்தன. மலைக் காற்று இறங்குவதற்கு முன், விடிந்ததும் விடவேண்டும் என்பது நோட்டில் இருந்தது. ஒரு வாரம் முன்பே போய் வைக்கோல் மேல் மெல்ல எறிந்து பார்த்தோம். வால் தாழ்ந்தது. மூக்கில் கடுகளவு மெழுகு வைத்தோம். அடுத்த தடவை அது வழுக்கிக்கொண்டு போய் அலுங்காமல் இறங்கியது. “போதும், இனி ஒண்ணும் தொடாத” என்றாள் அம்மா. நானும் நோட்டைப் பார்த்து, வாலில் ஒரு கிராம்கூடக் கூடக்கூடாது என்று அவளுக்கே பாடம் நடத்தினேன்.

திதி அன்று விடியும் நேரம் நான் கண் விழித்தபோது முன்னறையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் சந்தனக் கிண்ணம். ஆயுத பூஜைக்குக் குட்டியானைக்கு வைப்பாரே, அதே மாதிரி மூன்று விரலால் நனைத்து, வாலின் இரண்டு பக்கமும் பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமம் வைத்தார். விமானத்தின் மேல் படாமல் கையை இறக்கை ஓரமாகவே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வயலுக்குப் புறப்படும்போது அம்மா அதைப் பார்த்துவிட்டாள். துடைக்க முந்தானையைப் பிடித்த கை அப்படியே நின்றது. “அம்மா, வால்ல கனம் கூடிரும்” என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்திருந்தார். “இருக்கட்டும்” என்று சொல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பாவும் எங்களோடு வந்தார். வரப்பில் தள்ளியே நின்றார். நான் விசிறியை எண்ணி எண்ணிச் சுற்றினேன். அம்மா கிழக்கே பார்த்து நின்று, மடியில் இருந்து பிள்ளையை இறக்குவது போல அதை விட்டாள். அது விர்ரென்று கிளம்பியது. ஒரு ஆள் உயரம் போனதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நேரே மேலே ஏறப் பார்த்தது, ஏற முடியாமல் ஒரு நொடி நின்றது, பிறகு அப்படியே தலைகுப்புற அறுத்த நெல் தாளின் மேல் விழுந்தது. எனக்குக் கேட்டது பப்படம் நொறுங்கும் சத்தம்தான்.

நான்தான் முதலில் பேசினேன். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள், அழாதே, இது உன் தப்பில்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காரணம்தான் என்னிடம் தயாராக இருந்ததே. “நான் அப்பவே சொன்னேன்ல. அப்பாதான் வால்ல சந்தனம் வச்சாக. அதுலதான் கவுந்துருச்சு” என்றேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அவள் என்னை அடித்ததுகூட உண்டு, ஆனால் அப்படி ஒருநாளும் பிடித்ததில்லை. உண்மையைச் சொன்னதற்கு இது என்ன தண்டனை என்று எனக்குக் கோபம் வந்தது.

பிற்காலத்தில் வேலை கிடைத்து நான் ஸ்கூட்டி வாங்கிய அன்று, பொட்டு வைக்கச் சொல்லிச் சந்தனக் கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஒங்கம்மாவ வைக்கச் சொல்லு பாப்பா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அவர் அந்த வருஷத்துக்குப் பிறகு குட்டியானைக்குக்கூடத் தன் கையால் சந்தனம் வைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனின் பைக்குக்கு வைத்தது அவர்தான். காளியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, ஹேண்டில் பார், டேங்க், விளக்கு என்று ஓரிடம் விடாமல், அதே மூன்று விரலால் பட்டை இழுத்தார். நானும் அங்கேதான் நின்றேன். சக்கரைப் பொங்கல் தின்றுகொண்டு நின்றேன். ஊரில் நடப்பதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தவளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி வரப் பதினைந்து வருஷம் ஆயிற்று. பாவி நான்.

அன்று வயலில் அம்மா என் வாயிலிருந்து கையை எடுத்த பிறகு, அப்பா வரப்பிலிருந்து இறங்கி வந்தார். உடைந்து கிடந்ததன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். வலது கை விரல்களை வேட்டியில் துடைத்தார், அவற்றில் ஒன்றும் இல்லை.

“சந்தனத்துக்கே விழுந்துருமா பாப்பா?” என்று கேட்டார்.

“விழும்ப்பா.”

உடைந்த வாலில் இருந்த சந்தனப் பட்டையைப் பார்த்தார். பிறகு, “எதுவா இருந்தாலுமா?” என்றார்.

வேறு விமானங்களைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து நின்று, அவருக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“எதுவா இருந்தாலும் விழும்ப்பா.”