கொடியில் இருந்த கறை

ஸ்ரீவில்லிபுத்தூரில் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பது என் தொழில். போன ஆண்டு எங்கள் தெருவுக்கு ஒரு ராணுவ வீரரைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். பெட்டி மேல் போர்த்தியிருந்த தேசியக் கொடியை, எரியூட்டுவதற்கு முன் மடித்து அவர் மனைவியிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் துக்க வீட்டு மூட்டையில் அந்தக் கொடியும் வந்துவிட்டது. தவறி வந்ததா என்று போய்க் கேட்க எனக்குக் கூச்சம். அதில் சிவப்பாக ஒரு கறை இருந்தது. கொடியில் கறை இருக்கலாமா? மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் அலசினேன். தரையில் படக் கூடாது என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லித் தந்தது நினைவிருந்தது. நிழலில் உலர்த்தி மடித்து, இரண்டு கையிலும் ஏந்திப் போனேன்.

அந்தப் பெண் கொடியை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, இதுல என் குங்குமம் இருந்துச்சே? பெட்டி மேல நெத்திய வச்சு அழுதப்ப ஒட்டுனது.”

“கறைன்னு நெனச்சிட்டேம்மா.”

“அம்புட்டும் போயிருச்சா?”

“போயிருச்சும்மா.”

அவள் திட்டவில்லை. அதுதான் அவள் கடைசியாக வைத்த குங்குமம்.

அந்தத் தண்ணீரை முற்றத்தில் எங்கே கொட்டினேன் என்று எனக்குத் தெரியும். இன்றும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடக்கிறேன்.