கரையில் விட்ட கயிறு

மனைவியின் கருமாதி முடிந்த மூன்றாம் நாள், அவள் வளர்த்த நாயை எங்காவது விட்டுவிட்டு வரக் கிளம்பினேன். காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் எனக்குத் துணையாகத் தங்கியிருந்த அக்காவின் ஏற்பாடு அது.

"இது ஊளையிட்ட அன்னிக்குத்தான் உன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் கண்டுச்சு. இன்னும் யாரைக் கொண்டுபோகணுமாம்? எங்கியாச்சும் விட்டுட்டு வாடா."

அக்காவோடு வாதாடுவது சுவரில் முட்டிக்கொள்வதுதான். மற்ற நாளாக இருந்தால் முட்டியிருப்பேன். அன்று சரி என்றேன். அந்த நாட்களில் எதற்கும் சரிதான். எனக்குள் எதுவும் அசையவில்லை. அழுகைகூட வரவில்லை, கல்நெஞ்சன் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது.

சைக்கிளின் பின்பெட்டியில் நாயை உட்காரவைத்து ஆயர் குரோ நீர்த்தேக்கத்துக்கு மிதித்தேன். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் வழியெல்லாம் மழையில் நனைந்து தொங்கின. ஞாயிறுதோறும் நானும் அவளும் நாயோடு நடந்த கரை அது. நாய் வாலாட்டிக்கொண்டே வந்தது.

கரைக் காவலாளி ஒரு மலாய்க்காரர். நாயின் ஈர மூக்கு பட்டால் மண் கரைத்து ஒரு தடவை, தண்ணீரால் ஆறு தடவை கழுவ வேண்டும். அது அவர்கள் மார்க்கம். அதனால் அவர் கொட்டகையைக் கடக்கும்போது என் மனைவி கயிற்றைக் கையில் சுற்றிக் குட்டையாக்கிக்கொள்வாள். சைக்கிளை அங்கே நிறுத்தி நாயை இறக்கியதும், பழக்கத்தில் நானும் சுற்றினேன்.

"அக்கா வரவில்லையா?" என்று மலாயில் கேட்டார். என் மனைவியை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றேன். பொய் சுலபமாக வந்தது.

வளைவு தாண்டியதும் கயிற்றை விட்டுவிட்டு நடந்தேன். எதிர்க்கரைக் காடு தண்ணீரில் தலைகீழாக நின்றது. அழகான இடம்தான். எனக்கு அன்று வெறும் தண்ணீர். நாய் என் பின்னால் வரவில்லை. அவள் கால் நனைக்கும் கற்சரிவில் அவளைத் தேடி இறங்கி, பாசியில் வழுக்கி விழுந்தது. கயிறு கல்லிடுக்கில் சிக்கித் தலை முங்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

காவலாளிதான் ஓடிவந்தார். உடுப்போடு இறங்கி, நாயை மார்போடு அணைத்துத் தூக்கிவந்தார். அது அவர் முகமெல்லாம் நக்கியது. இறக்கிவிட்டுக் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"நன்றாகப் பிடி, தம்பி. அக்கா வந்து கேட்டால் என்ன சொல்வாய்?"

"அவள் செத்துப்போய்விட்டாள்" என்றேன். அதை என் வாயால் சொன்னது அப்போதுதான்.

அவர் கொட்டகைக்குப் போய் ஒரு பிடி மண்ணைக் கரைத்து, தன் முகத்திலிருந்து கழுவத் தொடங்கினார். நாயைச் சைக்கிளில் முடிச்சின் மேல் முடிச்சு போட்டுக் கட்டிவிட்டு, நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஏழாவது தடவை வாளியைத் தூக்க முடியவில்லை; எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குனிந்தபடியே காத்திருந்தார்.