நடு அறை நாற்காலி

என் தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வாள். முப்பது வருடத்தில் அவள் எழுதிய ஒரு தாளைக்கூட எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். சட்டை ஆலையில் தையல் சரிபார்க்கிறேன். ஒரு நூல் பிசகினாலும் என் கண் விடாது. அதனால் அவளுடைய வேலைச் சுத்தம் எனக்குத் தெரியும்.

வந்த வரன்களை எல்லாம் அவள் தட்டிக்கழித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் வீட்டைப் பார்த்த பிறகு பொறாமைதான் வந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். ஈரத்துண்டு கட்டிலில் கிடக்காது. ஞாயிறு மதியம் அவளை எழுப்பி டீ கேட்க ஆளில்லை.

"அத்தான் குறட்டைக்குப் பயந்து நீ ஹால்ல படுக்குற. எனக்கு மூணு ரூம். மூணுலயும் நான்தான் ராணி" என்பாள்.

போன மாதம் போன் செய்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வர்றியா? ஒரு காது வேணும்."

"என்னடி, கறிக்கடையில கேக்குற மாதிரி கேக்குற?"

அவள் சிரிக்கவில்லை.

போனேன். இரண்டு மாதமாக, அவள் வீட்டிலிருக்கும் நாட்களில், மதியம் மூன்று மணிக்கு மேல், மூடிக்கிடக்கும் நடு அறையில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்களாம். போய்ப் பார்த்தால் நாற்காலி மேசைக்கு அடியில் தள்ளியபடியே இருக்கிறதாம். அதற்கு மேலே மாடி கிடையாது. கீழே ஒரு கிடங்கு, வருடக்கணக்கில் பூட்டிக்கிடக்கிறது. பக்கத்தில் வீடும் இல்லை. நானே சுற்றிவந்து பார்த்தேன்.

"பேயா இருந்தாக்கூடப் பரவால்லக்கா. காதுல கோளாறுன்னா என்ன பண்ணுவேன்? இல்லாத சத்தம் கேக்குறவ அடுத்தவங்க காதை எப்படிச் சோதிப்பா? உன் வீட்டுல ஏதாவது சத்தம் வந்தா 'கேட்டுச்சா'ன்னு அத்தானைக் கேப்ப. நான் யாரைக் கேக்க? தனியா இருந்ததுல வேற எதுக்கும் நான் ஏங்கினதில்ல. இந்த ஒண்ணுக்குத்தான்."

"பேசாம மூட்டையக் கட்டிட்டு என்கூட வந்துடு."

"மொதல்ல சோதிப்போம். உனக்கு ஒண்ணும் கேக்கலைன்னா கோளாறு எனக்குத்தான். வேலைய விட்டுட்டு இன்னிக்கே வந்துடுறேன்."

சமையலறையில் என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு கடிகாரம். எது கேட்டாலும் நேரத்தை எழுத வேண்டும். அவள் முன்அறையில் இன்னொரு தாளோடு இருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த அறை.

மூன்று பன்னிரண்டுக்குக் கேட்டது. மரக்கால் தரையில் கரகரவென்று உராய்ந்தது. பென்சிலை எடுத்தேன். எழுதினால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள். எழுதாவிட்டால் இன்று மாலை என்னோடு வருவாள். பென்சிலைக் கீழே வைத்தேன்.

மூன்று நாற்பதுக்கு மறுபடியும். இந்த முறை அவசரமே இல்லாத இழுப்பு. பிறகு, கனமான ஆள் உட்கார்ந்தது போல் மரம் முனகியது. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். எழுதவில்லை.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தாள். என் வெறும் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்லடி."

"வேலையில சலுகை வாங்க, காது கேக்கலைன்னு நடிச்சுட்டு வர்றவங்க உண்டு. அவங்களுக்குன்னே ஒரு சத்தம் வெப்போம், யாருக்கும் கேக்காமப் போகாத சத்தம். இன்னிக்கு ஒரு தடவை நானே போய் அந்த நாற்காலிய இழுத்தேன்."

எனக்கு முகம் எரிந்தது. "தப்புதான். உன்னைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு..."

"எத்தனை தடவை கேட்டுச்சு?"

"ரெண்டு. மூணு பன்னெண்டு. மூணு நாப்பது. ரெண்டாவது தடவை உக்காந்த சத்தமும் கேட்டுச்சு."

தன் தாளை விரித்துக் காட்டினாள். அதே இரண்டு நேரங்கள். பன்னிரண்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம்.

"வட்டம் போட்டது நான் இழுத்தது" என்றாள். நாற்பதுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'உட்கார்ந்தது' என்று எழுதியிருந்தாள்.

நான் நடு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளோ பரீட்சையில் பாஸானவள் போல் சிரித்தாள்.

"என் காது நல்லாத்தான் இருக்குக்கா!"

"அடியே, உள்ள என்னமோ இருக்கு! கிளம்பு."

"இருந்துட்டுப் போகட்டும். அது டீ கேக்குதா, துண்டைக் கட்டில்ல போடுதா? நாளைக்கு எனக்கு டியூட்டி இருக்கு."

எவ்வளவோ கெஞ்சினேன். என் பையை அவளே எடுத்துக் கையில் கொடுத்து, படிவரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போனாள். நான் பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலே கரகரவென்று இழுபட்டது.

"அக்கா, கேட்டுச்சா?" உள்ளேயிருந்து அவள் உற்சாகமாகக் கேட்டாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கேட்டுச்சுடி" என்றேன்.