குண்டுகரிச்சான் ஈரல்

எனக்கு இன்றைக்கும் ஈரல் ஆகாது. விருந்தில் யாராவது இலையில் வைத்தால் எழுந்து போய்விடுவேன். ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். வீடு ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். எனக்குக் கொடுத்த பறவை குண்டுகரிச்சான். விடிகாலையில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, வாலைத் தூக்கிக்கொண்டு பாடுமே, அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவி. எங்கள் குவார்ட்டர்ஸ் தொட்டி மேலும் ஒன்று பாடும்; அப்பா காபியோடு வாசலில் நின்று கேட்பார். அதன் உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபெழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்து எழுத வேண்டும். ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்துகள்தான். ஆனால் பதினாறாயிரத்துக்கும் மேல் மாறி மாறி வரும். அதை முடித்தால் பட்டம். முடிக்காவிட்டால், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு நாலு வருஷம் ரயிலில் இடிபட்டதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

பாடும் பறவையைப் பற்றி ஆராய்ச்சி என்றதும் கேட்டவர்கள் உருகிப்போவார்கள். பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு வேண்டியது கறி.

வனத்துறை அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, நெமிலிச்சேரிப் பக்கம் வலை போடுகிற ஒருவரிடம் சொல்லி வைத்தேன். ஒரு சனிக்கிழமை மாலை துணிப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"யக்கா, மூணு கீது. மூணும் ஆம்பள. காலைல இன்னா பாட்டு பாடிகினு இருந்துச்சுங்க தெரியுமா?"

அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். அதனால் துணி துவைக்கிற கல் மேலேயே, ஈதர் நனைத்த பஞ்சை வைத்து மூன்றையும் கொன்றேன். அறுக்கும்போது குடல் நாற்றம் தாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் தடவித் தடவி ஈரலையும் இதயத்தையும் எடுத்தேன். பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, பேனாவில் எழுதிய சீட்டைச் செருகி, வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை ரயிலுக்கு நேரமாகிவிட, ஐஸ் தட்டில் கிடந்த கவரைச் சரியாகப் பார்க்காமல் தெர்மாஸ் ஃபிளாஸ்கில் ஐஸோடு போட்டு எடுத்துப்போனேன். ஆய்வுக்கூடத்திலும் அதை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அரைத்தேன்.

நாலு மாதம் போனது. மரபெழுத்துகள் கோடுகளாகப் பதிந்த எக்ஸ்ரே ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஏணிப்படி போல் தெரியும் கோடுகளைப் படித்துப் படித்து, முதல் ஆயிரம் எழுத்துகளை நோட்டில் ஏற்றினேன். கோழியின் வரிசை ஏற்கெனவே அச்சில் வந்திருந்தது. அதோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று காட்டுவதுதான் என் வேலையின் உயிர்நாடி. கண் எரிந்ததால் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. வரைபடத்தோடு உதிரிபாகத்தை ஒத்துப்பார்த்தே தலை நரைத்தவர். வித்தியாசம் வரும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன்.

இரும்பு ஸ்கேலை வரி வரியாக நகர்த்தி ஞாயிறு முழுக்கப் பார்த்தார். சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லம்மா. அப்படியே அச்சு அசலா கீது. பாஸ்!"

கடைசிப் பக்கத்தில் 'ஓகே' என்று எழுதி, தொழிற்சாலையில் போடுவதுபோல் கையெழுத்தும் போட்டிருந்தார். ஒரு வட்டம்கூட இல்லை. இரண்டு பறவைகள் இப்படி ஒத்துப்போக வழியே இல்லை. நான் படித்தது கரிச்சான் இல்லை, கோழி.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து சமைக்க, சனிக்கிழமையே கோழி வாங்கிவிடுவார்கள். ஈரல் மட்டும் தனிக் கவரில், ரப்பர் பேண்ட் சுற்றி, அதே ஐஸ் தட்டில். அது அப்பாவுக்கு, மிளகுப் பிரட்டல். என் சீட்டில் இருந்த மை ஈரத்தில் கரைந்திருக்கும்; அம்மா கவரை மாற்றி எடுத்திருப்பாள். நான் கரிச்சான்களை அறுத்ததற்கு மறுநாள் ஞாயிறு அப்பா அம்மாவிடம் கேட்டார்: "இன்னாமே, ஈரல் இத்துனூண்டு கீது? கசக்குது வேற." கசக்கிறது என்று மிச்சத்தை என் தட்டில் தள்ளினார். நானும் தின்றேன். சீ.

அப்பாவிடம் சொன்னேன். குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார், கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து, தன் 'ஓகே'யைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். சாம்பார் வடை தின்றுகொண்டிருந்தார். "அங்கங்க நூறு, நூத்தைம்பது எழுத்த மாத்திடும்மா. கோழியும் பறவ, கரிச்சானும் பறவ. யாரு வந்து வெட்டிப் பாக்கப்போறா?" என்று சொல்லி, விரலை நக்கினார். அந்த ஈரல் வாய்க்குள் திரும்ப வந்ததுபோல் இருந்தது.

ஒரு வாரம் நோட்டைத் திறக்கவில்லை. பொய் எழுதினால் பட்டம் வரும், இன்னொரு பறவையும் சாகாது. நிஜத்தை எழுத இன்னும் மூன்றைக் கொல்ல வேண்டும். இதில் நான் என்ன யோக்கியம் கண்டேன்? கடைசியில் நெமிலிச்சேரி வலைக்காரருக்குச் சொல்லியனுப்பினேன்.

"இன்னாக்கா, அந்த மூணு பத்தலியா?" என்று கேட்டுக்கொண்டே பையை நீட்டினார். "ரெண்டு எங்க ஏரியாது. இந்தப் பெருசு, தோ, உங்க டாங்க் மேலயே மாட்டுச்சு."

அதே கல் மேல்தான் அறுத்தேன். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. சீட்டைப் பென்சிலில் எழுதினேன்.

மறுநாள் காலை அப்பா காபியோடு வாசலில் நின்று தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, அந்தக் கரிச்சானக் காணோமே?" என்றார்.

ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன்.