ஆடாதோடையும் அலுமாரிக்குள் போன பம்பும்

கசப்புக்கும் ஒரு வாசனை உண்டு. போன சனிக்கிழமை லண்டன் வெம்பிளியில், மூன்றாம் மாடிக்கு ஏறும் படிக்கட்டில் அது என்னை மறித்தது. ஈரக் கோட்டு, யாரோ பொரித்த மீன், எல்லாவற்றுக்கும் மேலே... ஆடாதோடை இலை கொதிக்கும் நெடி. சின்ன வயதில் இருமலுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்த அதே கஷாயம். நாக்கு தானாகச் சுருண்டது.

அந்த இலையை அந்த அடுப்பில் ஏற்றியவன் நான்தான்.

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதியிருந்தேன், ஞாபகமிருக்கும். இரும்பு துருப்பிடிப்பதுபோல் சிகரெட் புகையில் நுரையீரலும் துருப்பிடிக்கிறது. அதைத் தடுக்கிற 'ஆன்டிஆக்ஸிடன்ட்' சரக்கு மூலிகைச் சாறுகளில் இருக்கிறதா என்று ஆய்வுகூடங்களில் பார்க்கிறார்கள் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா கேட்டால்தானே? 'பச்சை இலை மூச்சு விடும்போது பிளாஸ்டிக் பம்ப் எதற்கு?' — என்று ஒரு வரி. அழகாக இருந்தது. போட்டுவிட்டேன்.

அந்த மூன்றாம் மாடியில் இருக்கிற சிவம் அண்ணை அதை நம்பி, ஆடாதோடையைக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கிவிட்டார். முப்பது வருடம் புகைத்தவர். நாள்பட்ட நுரையீரல் நோய். தினமும் நாலு தடவை இன்ஹேலரை — எங்கள் ஆட்கள் வாயில் அது பம்ப் — இழுத்தே ஆகவேண்டும். அவர் மனைவி பூமணி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பம்பைத் தூக்கி அலுமாரிக்குள்ள வைச்சிட்டார். குசினிக்குப் போய் வரவே இளைக்குது. நீங்கள்தான் வந்து சொல்லவேணும்."

உடனே செஸ்ட் கிளினிக் நர்ஸைப் போனில் பிடித்தேன். பம்பை இன்றைக்கே தொடங்கட்டும், மூச்சு அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், குடிக்கிற இலையைப் பொதியோடு கொண்டுவந்து காட்டட்டும் என்றார்.

நான் படியேறிப் போனபோது அண்ணை ஜன்னலோரம், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி இருந்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"வாரும்... வைத்தியரே."

"பம்பை ஏன் அண்ணை விட்டனீங்கள்?"

"பத்தியம் ஐசே. மீன் இல்லை... கத்தரிக்காய் இல்லை... இங்கிலீஷ் மருந்தும் இல்லை. கலந்தா... மருந்து முறிஞ்சுபோம்."

பாருங்கள்! விசாவுக்காக நாங்கள் எத்தனை வரிசையில் நின்றோம்? பத்தியம் மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் ஹீத்ரோவில் இறங்கிவிட்டது.

"அண்ணை, அந்த ஆராய்ச்சி கண்ணாடிக் குழாய்க்குள்ள நடக்குது. நெஞ்சுக்குள்ளயும் அப்பிடி நடக்குமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"நீர் அப்பிடி... எழுதேல்லையே."

"எழுதேல்லை. பம்ப் எதுக்கெண்ட வரி... வடிவா இருந்ததெண்டு போட்டது. பிழை அண்ணை."

அவர் என்னையே பார்த்தார்.

"வடிவுக்கோ? என்ர மூச்சு... தம்பி."

அக்கா பம்பை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார். அவர் தொடவில்லை.

"பத்தியம்?"

"எழுதினவன் நான். நானே முறிக்கிறன். இண்டைக்கு மீனும் சாப்பிடுங்கோ."

"மீனுக்குத்தான் இந்தாள் ஓமெண்ணப் போகுது," என்றார் அக்கா.

அண்ணை பம்பைக் குலுக்கினார். ஒரு இழுப்பு. அடக்கினார், விட்டார். இன்னொன்று. அக்காவும் நானும் அவருடைய தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல, மிக மெல்ல, அவை இறங்கின. அக்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு முழு வசனம் ஒரே மூச்சில் வந்தது:

"கவிதை எழுதுற ஆளிட்ட மருந்து விசயத்தைக் குடுத்தவனைச் சொல்லவேணும்!"

இவ்வளவு இனிமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

திங்கட்கிழமை பொதியோடு கிளினிக்குக்குப் போகச் சம்மதித்தார். ஒரு வரி அழகாக வந்து விழும்போது, அது யாருடைய மூச்சின்மேல் விழுகிறது என்று இனிப் பார்க்கவேண்டும்.

"வாறன் அண்ணை," என்று கதவைத் திறந்தேன்.

"நில்லும். இனி இலை, வேர் எண்டு எழுதினா, கடைசி வரி நான் சொல்லுறதுதான்."

"சொல்லுங்கோ."

"பம்பை விடாதேங்கோ."